காற்று படாத இடம்

பட்டறையில் ஒரு மின்விசிறி உண்டு. ஆளுயரம், இரும்புக் கால், பச்சைப் பெயின்ட் உரிந்த வலைக்கூண்டு. பெரும்பாலும் சுவரைப் பார்த்தபடி அணைந்தே நிற்கும். வெல்டிங் ஓடும்போது அதைப் போடக் கூடாது. கதவைத் திறக்கக் கூடாது. ஜன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கும். வெயில் காலத்தில் உள்ளே நின்றால் சட்டையைப் பிழிந்து மாட்ட வேண்டியிருக்கும்.

காரணம் எளிது. கம்பி உருகி விழும் இடத்தைச் சுற்றி வெல்டிங் டார்ச்சின் வாயிலிருந்து ஆர்கான் வாயு குடைபோலக் கவிந்திருக்கும். அந்தக் குடையைக் காற்று கலைத்தால், உருகிய உலோகம் காற்றை விழுங்கிவிடும். உறைந்த பிறகு உள்ளே பொடிப்பொடியாக ஓட்டைகள் நின்றுவிடும். ரொட்டியைப் பிய்த்தால் தெரிவதுபோல.

பட்டறை அண்ணனுடையது. படகுத்துறையில் எல்லோரும் அவரை வெல்டர் என்பார்கள், நான் அண்ணன் என்பேன். ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே, படகுகளை ஏற்றிப் பழுது பார்க்கும் மேட்டுக்குப் பின்னால் அவருடைய வீடு. அதே முற்றத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை. மூடிப்போன கார் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ரோபோ கை ஒன்றை வாங்கிவந்து நடுவில் நட்டிருந்தார். அதன் மணிக்கட்டில் வெல்டிங் டார்ச். செய்ய வேண்டிய பாகத்தை நான் கணினியில் வரைவேன். அதை மெல்லிய அடுக்குகளாக வெட்டி, ஒவ்வோர் அடுக்கிலும் டார்ச் போக வேண்டிய பாதையைக் கைக்குச் சொல்லிக்கொடுப்பேன். கை ஒரு வரி உலோகத்தை உருக்கி இழுக்கும். அதன்மேல் இன்னொரு வரி. வெறும் தட்டிலிருந்து ஒரு பொருள் எழுந்து நிற்கும். வார்ப்படக்காரர்கள் அச்சு செய்து கொண்டுவர மாதக்கணக்காகும். இங்கே சில நாட்களில் முடியும்.

"தம்பி கோடு போடுது, கை ஓட்டுது. நான் மாட்டுக்குக் காவல் இருக்கற மாதிரி உக்காந்திருக்கேன்" என்பார் அண்ணன். அப்படி இல்லை. அடுக்கு சரிகிறதா, கம்பி சிக்குகிறதா என்று கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து கண் எடுக்காமல் பார்ப்பவர் அவர்தான்.

என் மனைவி இறந்த பிறகு மதியச் சோறு எனக்கு அங்கேதான். நான் கேட்கவில்லை. ஒரு நாள் அண்ணி கொண்டுவந்த தூக்குப் பாத்திரத்தில் ஒரு தட்டு கூடியிருந்தது. அதன் பிறகு குறையவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

அண்ணிக்கு ஒரு தம்பி. வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். அம்மா போனபோது அவன் நடக்கக்கூடப் பழகவில்லையாம். அண்ணிதான் இடுப்பில் வைத்து வளர்த்திருக்கிறார். கல்யாணமாகி வரும்போதும் கையோடு கூட்டிவந்துவிட்டார். "பொண்ணு பாக்கப் போனேன். பொண்ணும் ஒரு பையனும் சேந்து வந்துச்சு" என்பார் அண்ணன். இப்போது அவன் எதிர்க்கரைத் தீவுக்கு ஆட்களையும் சாமானையும் ஏற்றிப்போகும் படகில் இன்ஜின் டிரைவர். மழைக்காலம் நெருங்கும் நேரத்தில் அந்தப் படகின் புரொப்பல்லர் எதிலோ மோதி நெளிந்துவிட்டது. அவன் நேராக இங்கே வந்து நின்றான்.

"மச்சான், எனக்கு ஒரு புரொப்பல்லர் வேணும்."

"கடைக்குப் போடா மாப்ள. மிட்டாய் கேக்கற மாதிரி கேக்கற."

"கடையில காத்து மாசம் முடிஞ்சு தர்றேங்கறான். தீவுல அரிசி தீந்துடும். வேற படகு எதுவும் பழுதில்லாம இல்ல."

"அக்காகிட்ட சொல்லிட்டு வந்தியா?"

"அக்காதான் அனுப்புச்சு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வெண்கலக் கம்பிச் சுருள்கள் வந்தன. நான்கு இறக்கை. நடுக்குமிழிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வோர் இறக்கையையும் அடுக்கடுக்காக வளர்த்துக்கொண்டு போக வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் முதலில் வெளி விளிம்பைச் சுற்றி ஒரு வரி. ஆற விடுவோம். பிறகு உள்ளே நிரப்பு. மறுபடி ஆற விடுவோம். சூடு குறைந்ததும் கை தானாகவே அடுத்த வரியைத் தொடங்கும்.

சின்னவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. படகு நிற்கிறது, வேலை இல்லை. விடிந்ததும் பட்டறைக்கு வந்துவிடுவான்.

"என்ன மச்சான் இது, பல்லு விளக்கற பேஸ்ட்டப் பிதுக்கற மாதிரி பிதுக்குது."

"கண்ணாடி போடாம பாக்காத. ராத்திரி கண்ணுல மணல் கொட்டுன மாதிரி இருக்குன்னு அழுவ."

"இப்ப ஏன் நின்னுடுச்சு? கரண்டு போச்சா?"

"ஆறுது."

"எவ்ளோ நேரம்தான் ஆறும்? நான் வேணா ஊதி விடட்டுமா?"

"ஊதுன, வாயத் தச்சிடுவேன்."

வாசலில் நின்ற அண்ணி சிரித்தார். "அவன் சோத்தையே ஆற விட்டதில்ல. கொதிக்கக் கொதிக்க அள்ளி வாயில போட்டுட்டு, நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு ஓடுவான். அவனப் போயி ஆறட்டும்ங்கறீங்களே."

"உன் வளர்ப்பு" என்றார் அண்ணன்.

"ஆமா. என் வளர்ப்புதான். உங்களையும் நான்தான் வளர்க்கறேன். அத யாரு சொல்றது?"

அந்த வீட்டில் அப்படித்தான் பேச்சு. நான் ஒரு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரும் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. அது வசதியாக இருந்தது.

வெயில் கடுமையாகிக்கொண்டே போனது. மழைக்கு முந்தைய வெயில். வானம் வெள்ளையாக, காற்றே இல்லாமல் இருந்தது. அண்ணன் ராத்திரியும் பகலுமாகப் பார்த்தார். கை ஆறும் இடைவெளிகளில் சாக்கை விரித்துக் கண்ணசந்துவிட்டு, சத்தம் கேட்டதும் எழுந்துகொள்வார். கடைசி இறக்கை தொடங்கிய அன்று காலை ஆர்கான் சிலிண்டரில் முள் இறங்கியிருந்தது. வேறு சிலிண்டர் எடுத்துவர நான் வண்டியோடு போனேன். திரும்பிவர மாலையாகிவிட்டது. கை ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கண்ணாடியைக் கவிழ்த்துக்கொண்டு அருகில் நின்றார். சாப்பாடு திறக்காமல் இருந்தது.

"எல்லாம் சரியாப் போகுதா அண்ணே?"

"போகுது" என்றார்.

பிறகு கடைந்து, தேய்த்து, மெருகேற்றினோம். மஞ்சளும் சிவப்புமாக மின்னியது. மேலே சிவப்பு மருந்தைத் தெளித்துத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி அடித்தோம். வெடிப்போ ஓட்டையோ இருந்தால் பொடியில் சிவப்பு கசிந்து காட்டும். ஒன்றும் கசியவில்லை. அது மேல்தோலுக்கு மட்டும் போதும். உள்ளே பார்க்க நகரத்துக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

"எடுத்துடலாம்" என்றார் அண்ணன்.

சின்னவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "போக ஒரு நாள், வரிசையில நிக்க ரெண்டு நாள், வர ஒரு நாள். அதுக்குள்ள காத்து ஆரம்பிச்சிடும். நீங்க செஞ்சதுக்கு எக்ஸ்ரே வேறயா மச்சான்? அக்கா, நீ சொல்லு."

"ஏங்க, நல்லாத்தான இருக்கு? எதுக்கு அவன அலைய விடறீங்க?" என்றார் அண்ணி.

அண்ணன் சுத்தியலால் ஒவ்வோர் இறக்கையையும் தட்டிப் பார்த்தார். நான்கும் மணிபோல ஒலித்தன. கடைசி இறக்கையை இன்னொரு தடவை தட்டினார். பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "சரி, எடுத்துட்டுப் போ" என்றார்.

சின்னவன் அதை ஒரு துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல வண்டியில் ஏற்றினான்.

படகு கொஞ்ச காலம் ஓடியது. தீவுக்கு அரிசி போனது. சின்னவன் திரும்பி வரும்போதெல்லாம் துறைக்கு நேரே வந்ததும் ஹாரனை மூன்று தடவை அடிப்பான். அக்காவுக்காக. அண்ணி சமையலறையிலிருந்து, "வந்துட்டான் தொர" என்பார்.

காற்று தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், ஹாரன் கேட்கவில்லை. ஆற்று முகத்தில் அலை ஏறியிருந்தது. படகு உள்ளே நுழையும்போது ஓர் இறக்கை முறிந்து போய்விட்டது. மீதி மூன்று இறக்கையோடு, அதைச் சுழற்றும் ஷாஃப்ட் கிடுகிடுவென்று உதறியிருக்கிறது. ஷாஃப்ட் வெளியே போகிற துளையின் அடைப்பு பிய்ந்து, இன்ஜின் அறைக்குள் தண்ணீர் பாய்ந்திருக்கிறது. மேலே இருந்தவர்கள் கத்தியிருக்கிறார்கள். "அடச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவன் கீழே இறங்கினானாம். அதற்குள் படகு அலைதடுப்புக் கற்களில் போய் இடித்தது. மற்ற எல்லோரும் கல்லைப் பிடித்து ஏறிவிட்டார்கள். அவனை மறுநாள் இன்ஜின் அறையிலிருந்து எடுத்தார்கள். கையில் சாக்குத்துணி இருந்தது.

அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அண்ணி அழும் சத்தம் முதலில் கேட்டது. பிறகு கேட்கவில்லை. இரண்டாவதுதான் மோசம் என்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் வடிந்ததும் படகுக்காரர்கள் புரொப்பல்லரைக் கழற்றித் தள்ளுவண்டியில் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கினார்கள். அண்ணன் ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்து, முறிந்த அடிக்கட்டையைக் கழுவினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

முறிந்த முகம் தட்டையாக இருந்தது. கத்தியால் நறுக்கியதுபோல ஒரே அடுக்கில் விட்டுப் போயிருக்கிறது. சுற்றிலும் வெளி விளிம்பு கெட்டியான நல்ல உலோகம். நடுவில் முழுக்க ஓட்டைகள். ஒரு பக்கம் நெருக்கமாக, மறுபக்கம் போகப் போகக் குறைவாக.

அண்ணன் அதற்குக் கீழே ஒரு துண்டு அறுத்தார். சுத்தம். ஒரு ஓட்டை இல்லை.

"ஒரே ஒரு அடுக்கு" என்றேன்.

"ம்."

"விளிம்பு ஓடுறப்ப நல்லாயிருந்திருக்கு. நிரப்பு ஓடுறப்பதான்..."

"காத்து" என்றார் அண்ணன். "வாசப் பக்கமா இருந்து."

அவர் உட்கார்ந்துகொண்டார். நான் நின்றேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழும் சத்தத்தில் அவர் பேசியதைக் குனிந்துதான் கேட்க முடிந்தது.

"நீ சிலிண்டர் எடுக்கப் போன அன்னைக்கு. விளிம்பு முடிஞ்சு ஆறிக்கிட்டு இருந்துச்சு. நான் சாக்குமேல படுத்தேன். தூங்கிட்டேன். அவ சாப்பாடு கொண்டாந்து வச்சிருக்கா. நான் வேர்த்துக் கெடந்திருப்பேன். ஃபேனப் போட்டு என் பக்கம் திருப்பி விட்டுட்டுப் போயிட்டா."

சுவரோரம் நின்ற மின்விசிறியைத் திரும்பிப் பார்த்தேன்.

"மெஷின் சும்மாதான நிக்குதுன்னு நெனச்சிருப்பா. ஓடறப்பன்னா போட மாட்டா, அவளுக்குத் தெரியும். அவ போனப்பறம் ஆறிடுச்சு. கை தானா ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு அந்தச் சத்தத்துல முழிப்பு வந்துச்சு தம்பி. மூஞ்சில காத்து. எத்தன நாளாச்சு அப்படி ஒரு காத்து பட்டு. சொகமா இருந்துச்சு. அப்படியே கெடந்தேன். அப்பறம்தான் எந்திரிச்சு அணைச்சேன்."

"நிறுத்தி, அந்த அடுக்க அரைச்சு எடுத்திருக்கலாமேண்ணே."

"எடுத்திருக்கலாம். நீ வந்து ஏன்னு கேப்ப. ஃபேன யாரு போட்டதுன்னு பேச்சு வரும். அவ மூஞ்சி சுருங்கிடும். என் தம்பி வேலையில கைய வச்சுட்டேனேன்னு புலம்பிக்கிட்டே இருப்பா. இதுக்குப் போயின்னு விட்டேன். மேல வர்ற அடுக்கு உருக்கிச் சேத்துக்கும்னு நெனச்சேன். மேலாக்கத்தான் உருக்குச்சு. அடியில இருந்தது அப்படியே இருந்துடுச்சு."

"அண்ணிக்கு இது..."

"தெரியாது. ஞாபகமே இருக்காது. புருஷனுக்கு வேர்த்துச்சு, ஃபேனத் திருப்புனா. அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சுக்கறா?" அறுத்த துண்டை உள்ளங்கையில் வைத்து மூடினார். "நான் தூங்கிட்டேன், கேஸ் தீந்தது தெரியாம மெஷின் ஓடிடுச்சுன்னு சொல்லிட்டேன். நீயும் அன்னைக்கு சிலிண்டருக்குத்தான போன. கேட்டா அதையே சொல்லு."

"உங்கள மன்னிக்க மாட்டாங்கண்ணே."

"வேணாம். என்னத் திட்டிக்கிட்டாவது எந்திரிச்சு நடமாடுவா. தன்னாலதான்னு தெரிஞ்சா உக்காந்த எடத்துலயே போயிடுவா." சற்று நேரம் மழையைப் பார்த்தார். "கோவப்பட ஒரு ஆள் வேணும் தம்பி. உனக்கு அதுகூடக் கெடைக்கல."

அது உண்மை. என் மனைவிக்கு வந்தது காய்ச்சல். யாரையும் திட்ட முடியாது.

அண்ணன் எழுந்து அந்த மின்விசிறியைத் தூக்கிக் கொண்டுபோய் முற்றத்தில், மழையில் போட்டார்.

அதற்குப் பிறகு பட்டறையில் வேலை நடக்கவில்லை. அண்ணி தட்டைக் கொண்டுவந்து வாசற்படியில் வைப்பார். சத்தம் வருகிற மாதிரி வைப்பார். அதுதான் அழைப்பு. அண்ணனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. சின்னவனின் அறையில், அவன் கட்டிலில் படுத்துக்கொண்டார். அண்ணன் தாடியோடு பட்டறைக்குள் உட்கார்ந்து, ரோபோ கையின் மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஓடாத யந்திரத்துக்கு எத்தனை தடவைதான் எண்ணெய் விடுவது? விட்டார்.

மழை விட்டு வெயில் திரும்பிய ஒரு மதியம் அண்ணி என்னை வீட்டுக்குள் கூப்பிட்டார். வழக்கமாக நான் உள்ளே போவதில்லை. கூடத்தில் தட்டு போட்டிருந்தது. கதவோரம் ஒரு பெட்டி, கயிறு கட்டித் தயாராக. மேலே சின்னவனின் சட்டை ஒன்று மடித்து வைத்திருந்தது.

"உக்காரு தம்பி. சாப்பிடு."

உட்கார்ந்தேன். சோறும் பொரித்த மீனும் வைத்தார். எதிரே தரையில் உட்கார்ந்தார். இளைத்திருந்தார். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது.

"நான் சித்தி வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதும் வராததும் இனிமேதான். அதுக்கு முன்னாடி உன்னக் கேக்கணும். அவர்கிட்ட கேட்டா சொன்னதையே சொல்றாரு. கிளிப்பிள்ள மாதிரி. தூங்கிட்டேன், கேஸ் தீந்துடுச்சு. தூங்கிட்டேன், கேஸ் தீந்துடுச்சு."

"ஆமா அண்ணி. அதான்."

"அன்னைக்கு நான் சாப்பாடு கொண்டு போனேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. நிற்க விடாமல் மறுபடி பிசைந்தேன்.

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிக்கிட்டு இருந்தாரு. எழுப்பலாம்னு கையக் கொண்டு போயிட்டேன். பாவம், ராத்திரியெல்லாம் முழிச்ச மனுஷன்னு..." அவர் தன் கையைப் பார்த்தார். "எழுப்பி விட்டிருந்தா மெஷினப் பாத்திருப்பாரு. கேஸ் தீந்தது தெரிஞ்சிருக்கும். அப்படித்தான? சொல்லு தம்பி. நீ படிச்ச புள்ள. நான் எழுப்பியிருந்தா அவன் இருந்திருப்பான்தான?"

பட்டறையிலிருந்து ஏதோ இரும்பு உருளும் சத்தம் வந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்தார். நான் என்ன சொல்கிறேன் என்பதற்காக அவர் உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்திருந்தது.

எனக்கு ஒன்று மட்டும்தான் தோன்றியது. அந்த நேரத்திலிருந்து இவரை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அந்த மதியத்திலேயே இவர் நிற்கக் கூடாது. நின்றால் ஒரு நாள் மின்விசிறி வரைக்கும் வந்துவிடுவார்.

"இல்ல அண்ணி. நீங்க வந்தப்ப ஒண்ணும் ஆகல. அப்ப கேஸ் இருந்துச்சு."

"அப்ப?"

"அப்பறம்தான். சாயங்காலம். நீங்க போயி ரொம்ப நேரம் கழிச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எந்த அடுக்கு எப்ப ஓடும்னு கணக்கு இருக்கு. முறிஞ்சது சாயங்கால அடுக்கு."

அவர் மூச்சை விட்டார். தோள் இறங்கியது. பிறகு தலையை நிமிர்த்தினார்.

"சாயங்காலம் அவரு தூங்கல."

ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"சாயங்காலம் நான் துணி எடுக்க முத்தத்துக்கு வந்தேன். கண்ணாடியக் கவுத்துக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தாரு. நானே பாத்தேன். நீகூட அப்பதான் வண்டியில வந்த." குரல் மிகவும் தணிந்திருந்தது. "அப்ப முழிச்சிருந்துதான் விட்டாரா?"

வாயில் சோறு இருந்தது. விழுங்கினேன். இப்போதும் திரும்பிவிடலாம். ஒரே வார்த்தையில் அண்ணனைக் காப்பாற்றிவிடலாம். அந்த வார்த்தை இவர் தலையில்தான் இறங்கும்.

"ஆமா அண்ணி."

"பாத்துக்கிட்டே."

"ஆமா."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அழவில்லை. எதையோ இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தது முகம். இறக்கி வைத்த இடம் எது என்று எனக்குத் தெரியும். முற்றத்துக்கு அந்தப் பக்கம், தகரக் கூரைக்குக் கீழே அண்ணன் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"தூங்குனவன மன்னிக்கலாம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி. அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன்" என்றார்.

கதவோரப் பெட்டியை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் தட்டைப் பார்த்தார். என் நெற்றியை.

"ஐயோ, உனக்கு இப்படி வேர்த்து ஊத்துதே. இவ்ளோ நேரம் வாயத் தொறந்து சொன்னா என்ன?"

எழுந்து மூலைக்குப் போனார். இரும்புக் கால், பச்சைப் பெயின்ட் உரிந்த வலைக்கூண்டு. மழையில் கிடந்ததில் துரு லேசாக ஏறியிருந்தது.

"நல்ல ஃபேன முத்தத்துல தூக்கிப் போட்டு வச்சிருக்காரு. நான்தான் எடுத்தாந்து தொடச்சு வச்சேன்."

சுவிட்சைப் போட்டார். இரண்டு கையாலும் பிடித்து, காற்று முழுக்க என்மேல் படுகிற மாதிரி திருப்பி வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்று சரியாகப் படுகிறதா என்று பார்த்தார். இன்னும் சற்றுத் திருப்பினார்.

"இப்ப சரியா இருக்கா?"

"இருக்கு அண்ணி" என்றேன். குனிந்து சாப்பிட்டேன்.